வெர்லா அக்காவின் மூன்று குருவிப் பெட்டிகள்

வெர்லா ஹின்ரிக்ஸ் முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊரான நியூ ஹேகனில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். பனி முழங்கால் அளவு கொட்டினாலும் ஏழு இருபதுக்கு எங்கள் தெருமுனையில் ஹாரன் கேட்கும். என் இரண்டு பிள்ளைகளையும் அவர்தான் ஏற்றிப்போனார். பஸ்ஸில் எவனாவது சேட்டை செய்தால் கண்ணாடியில் பார்த்தபடியே, "நீ இறங்கி நடக்கறியா, இல்ல உங்கம்மா வேலை பாக்கற எடத்துலயே கொண்டுபோய் எறக்கட்டுமா?" என்று கேட்பார். பஸ்ஸே அடங்கிவிடும்.

அப்படிப்பட்டவருக்கு அறுபத்தொன்பதாவது வயதில் கண் போக ஆரம்பித்தது. முழு இருட்டு இல்லை. நடுவில் மட்டும் போய்விட்டது. "ஒன் மூஞ்சியப் பாத்தேன்னா, டார்லா, மூஞ்சி இருக்கற எடத்துல சாம்பல் கலர்ல ஒரு தட்டு தெரியுது. காது ரெண்டும் நல்லாத் தெரியுது. இவ்வளவு பெரிய காதுன்னு எனக்கு இத்தன நாள் தெரியாமப் போச்சே" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய தங்கை ஆர்டிஸ் க்ளாசன் பக்கத்து வீட்டில் இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது, புல்வெளி மட்டும்தான். அக்கா சத்தமாகப் பேசுவார், வாசலில் பூட்ஸை உதறிப் போடுவார். தங்கை பேசினால் குனிந்து கேட்க வேண்டும், மேஜைத் துணியில் ஒரு சுருக்கம் இருந்தால் பொறுக்காது. ஆனாலும் தினம் சாயங்காலம் நாலு மணிக்கு ஆர்டிஸ் அக்கா காபி ஃபிளாஸ்க்கோடு இந்தப் பக்கம் வந்துவிடுவார். வந்த தபாலைப் பிரித்துப் படிப்பார், பேப்பர் படிப்பார், சாவுச் செய்திகளை முதலில் படிப்பார். கண் டாக்டரிடம் மேசன் சிட்டிக்குக் கூட்டிப்போவதும் அவர்தான்.

ஆர்டிஸ் அக்காவின் வீட்டுக்காரர் வெண்டல் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் உயிரோடு இருந்தபோது கொல்லைப்பக்கம் மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய கம்பங்களில் நீலக்குருவிகளுக்காகப் பெட்டிகள் வைத்திருந்தார். ஒரு காலத்தில் அஞ்சாறு ஜோடி வந்ததுண்டு. அவர் போனபிறகு ஒரே ஒரு ஜோடிதான் வந்தது. காலையில் எழுந்ததும் ஆர்டிஸ் அக்கா முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். சாயங்காலம் காபி குடித்தபடி அக்காவுக்கு ஒன்றுவிடாமல் சொல்வார்.

"ஆண் குருவி கம்பத்து மேல உக்காந்திருக்கு அக்கா. வாயில புழு. இப்போ உள்ள போகுது."

"நீ சொல்றது ரேடியோல பேஸ்பால் கேக்கற மாதிரி இருக்குடி. யாரு ஜெயிக்கறாங்கன்னு மட்டும் சொல்லு" என்பார் வெர்லா அக்கா.

அந்த நீலக்குருவிகள் மெதுவாகக் கூப்பிடும் ஜாதி. அவ்வளவு தூரத்திலிருந்து அவர் காதுக்கு ஒன்றும் எட்டாது. தங்கைக்கு அது தோன்றவேயில்லை.

ஒரு ஏப்ரல் மாதம் வெர்லா அக்கா கண் மருத்துவமனைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது புதரிலிருந்து ஒரு சத்தம் கேட்டதாம். தண்ணீர்க் குழாயைத் திடீரென்று முழுசாகத் திறந்துவிட்டால் கொட்டுமே, அந்த மாதிரி. மூச்சு விடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக. அங்கே வேலைசெய்த பெண்ணைக் கேட்டதற்கு, ரென் குருவி, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், வாலைத் தூக்கிக்கொண்டு திரியும், வீட்டருகே சின்னப் பெட்டி வைத்தால் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டார்.

"டார்லா, எனக்கு மூணு பெட்டி வேணும். பாக்கறதுக்கு இல்ல. கேக்கறதுக்கு."

கடையில் வாங்கிய பெட்டிகளில் துளை பெரிதாக இருந்தது. சிட்டுக்குருவி புகுந்துவிடும். கால் டாலர் காசு நுழையும் அளவுக்குத் துளை போட்ட மெல்லிய பலகையை முன்னால் வைத்து ஆணி அடித்தேன். துளைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த குச்சியைப் பிடுங்கினேன். ரென்னுக்கு அது தேவையில்லை, மற்றதற்குத்தான் வசதி. ஒன்றைத் துணி காயப்போடும் கம்பத்திலும், ஒன்றை ஆப்பிள் மரத்திலும், ஒன்றைச் சமையலறை ஜன்னலை ஒட்டிய லைலாக் பூப்புதரருகிலும் மாட்டினேன். ஆண் குருவி முதலில் வந்து இருக்கிற பெட்டியில் எல்லாம் சுள்ளி நிரப்பிவைக்கும், பெண் குருவி வந்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதனால்தான் மூன்று. வெர்லா அக்கா பின்வாசல் படியில் உட்கார்ந்து காய்ந்த சுள்ளிகளை விரல் நீளத்துக்கு ஒடித்து ஒடித்துக் குவித்தார். சீப்பில் சிக்கிய தன் நரைமுடியையும் எடுத்து அந்தக் குவியல்மேல் வைத்தார்.

ஆர்டிஸ் அக்கா காபியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இது ரென்னுக்கா?"

"ஆமா. நல்லாருக்கா?"

"அது மத்த குருவியோட முட்டையக் குத்திப் போட்டுடும். வெண்டல் சொல்லி நீயே கேட்டிருக்கியே."

"வெண்டல் அணிலப் பத்திக்கூடத்தான் ஆயிரம் குத்தம் சொல்லுவாரு. ஒன் பெட்டி அந்தக் கோடில இருக்கு, என்னுது இந்தக் கோடில. அதுக்கு எங்கேருந்துடி அவ்வளவு நேரம்?"

"வேண்டாம் அக்கா. எனக்கு இருக்கறதே அந்த ஒரு ஜோடிதான்."

வெர்லா அக்கா கொஞ்ச நேரம் சுள்ளி ஒடித்தார். "ஆர்டி, ஒனக்குக் கண்ணு இருக்கு. எனக்கு ஒண்ணு வேணும்னு கேக்கறேன்" என்றார்.

ஆர்டிஸ் அக்கா காபியை ஊற்றி வைத்தார். "சரி. ஆனா அதப்பத்தி எங்கிட்ட ஒரு பேச்சும் எடுக்காத" என்று சொல்லிவிட்டுத் தபாலைப் பிரித்தார்.

மே மாதம் முதல் வாரம் ஆண் குருவி வந்தது. நான் வேலைக்குக் கிளம்பி காரில் ஏறும்போதே கேட்டது. வெர்லா அக்கா நைட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தார், கை இரண்டும் மடியில். அதுவரை அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"டார்லா, எத்தன மணிக்கு ஆரம்பிச்சான் தெரியுமா? அஞ்சுக்கு. இன்னும் நிறுத்தல. பஸ்ல இவன ஏத்தியிருந்தா நான் பைத்தியம் புடிச்சு எறங்கிப் போயிருப்பேன்" என்றார். கன்னம் நனைந்திருந்தது.

மூன்று பெட்டியிலும் சுள்ளி ஏறியது. நீளமான சுள்ளியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு துளையில் முட்டும், முடியாமல் போனதும் நுனியைப் பிடித்து நீளவாக்கில் உள்ளே தள்ளும். நான் அதைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு வாரம் கழித்துப் பெண் குருவி வந்து லைலாக் பெட்டியை எடுத்துக்கொண்டது. அந்த நரைமுடியையும் உள்ளே கொண்டுபோனது. பிறகு அடைகாக்க உட்கார்ந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும், வெர்லா அக்காவுக்குத் தெரியும். ஆர்டிஸ் அக்காவுக்குத் தெரியாது. பேச்சு எடுக்காதே என்றாரே, அதனால் யாரும் எடுக்கவில்லை.

ஜூன் ஆரம்பத்தில் ஒரு நாள் காலை. நான் வெர்லா அக்காவின் தக்காளிச் செடிகளுக்கு முட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆர்டிஸ் அக்கா புல்வெளியைத் தாண்டி வந்தார். கையில் காபித் தட்டு. தட்டில் நாலு முட்டை, வெளிறிய நீலம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துளை.

"கைய நீட்டு அக்கா."

"என்னடி?"

"நீட்டு."

வெர்லா அக்கா உள்ளங்கையை விரித்தார். ஆர்டிஸ் அக்கா ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. வெர்லா அக்காவின் கட்டைவிரல் மேலே தடவி, துளையைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றுவிட்டது.

"மொத்தம் அஞ்சு இருந்துச்சு. ஒண்ணு எங்க விழுந்துச்சுன்னு தெரியல" என்றார் ஆர்டிஸ் அக்கா. "கெடச்சத கொண்டுவந்தேன். ஒனக்குத் தெரியணும்ல."

அந்த இடத்தில் 'மன்னிச்சுக்கோ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெர்லா அக்கா மனதில் அது இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அது குருவி, ஆர்டி. அதுக்கென்ன தெரியும்? நான் போய் குத்திட்டு வந்தேனா?"

ஆர்டிஸ் அக்கா முட்டைகளைத் திரும்ப எடுத்துத் தட்டில் அடுக்கினார். புல்வெளியைத் தாண்டித் திரும்பிப் போனார். அன்று நாலு மணிக்குக் காபி வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அந்த வியாழக்கிழமை கண் டாக்டரிடம் போகவேண்டிய நாள். வெர்லா அக்கா தங்கையைக் கூப்பிடவில்லை. வயதானவர்களுக்காக மாவட்டத்தில் ஓடும் வேனை வரவழைத்து அதில் போனார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷி இன்னொருவன் ஓட்டும் வேனில், பின் சீட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு போனதை நான் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். நான் தானியக் கிடங்கு அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன், வேன் அந்த வழியாகத்தான் போகும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஃபோன் வந்தது.

"டார்லா, அவன் பாட்டையே நிறுத்திட்டான். நேத்து நான் டாக்டர்கிட்டேருந்து வந்ததுலேருந்து ஒரே கத்தல். கட்டகட்டகட்டன்னு திட்றான். பூனை ஏதாவது வந்திருக்கா, ஒரு எட்டு வந்து பாக்கறியா?"

எனக்கு அன்று தலைவலி. அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. "நாளைக்கு வரேன்க்கா. பூனையாத்தான் இருக்கும். கதவத் தட்டி ஒரு சத்தம் குடுங்க, ஓடிடும்" என்றேன்.

"சரிம்மா, நாளைக்கு வா" என்றார்.

சனிக்கிழமை பதினோரு மணி இருக்கும், போனேன். சரியான வெயில். ஆண் குருவி லைலாக் பெட்டியின் மேல் நின்று அலகால் துளையைக் கொத்திக்கொண்டிருந்தது. நான் கிட்டே போனதும் நகர்ந்ததே தவிரப் பறக்கவில்லை. துளையில் ஒரு கார்க் இருந்தது. பாட்டில் கார்க். உள்ளே நன்றாக அழுத்தி வைத்திருந்தது. ஆப்பிள் மரத்துப் பெட்டியிலும் ஒன்று, துணிக்கம்பத்துப் பெட்டியிலும் ஒன்று.

விரலால் வரவில்லை. சாவியால் நெம்பி எடுத்தேன். பெட்டியின் பக்கப் பலகையைத் திறந்தேன். அனல் மாதிரி காற்று வந்தது. பெண் குருவி முட்டைகளின் மேலேயே இறக்கையை விரித்தபடி கிடந்தது. தலை துளையிருந்த பக்கமாகத் திரும்பியிருந்தது.

"என்ன டார்லா? பூனையா?" பின்வாசல் படியிலிருந்து கேட்டார்.

பூனை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. அவருக்குக் கண்தான் தெரியாது, காது நன்றாகவே கேட்கும்.

"இங்க வா" என்றார். "கையில குடு."

கொடுத்தேன். அதற்கு எடையே இல்லை. அவர் விரல்கள் அதன் வாலைத் தொட்டன, மார்பைத் தொட்டன, அலகு கிட்டே வந்து நின்றன. "இவ்வளவுதானா இவ?" என்றார். பிறகு, "முட்ட எத்தன?"

"ஆறு."

"எப்படிச் செத்துது?"

கார்க்கை அவருடைய இன்னொரு கையில் வைத்தேன். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். எங்கள் ஊரில் ரூபார்ப் என்ற புளிப்புச் செடியின் தண்டில் வீட்டிலேயே ஒயின் போட்டு, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அக்காவுக்கு ரெண்டு பாட்டில் கொண்டுவருவது ஒரே ஒருத்தர்தான்.

எழுந்தார். நான் கையைப் பிடிக்கப் போனேன், உதறினார். குருவியை ஒரு கையிலும் கார்க்கை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, காலால் புல்லைத் தடவித் தடவி, தானாகவே தங்கை வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கதவை முழங்கையால் தட்டினார்.

ஆர்டிஸ் அக்கா திறந்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"உள்ள இருந்துச்சா?"

"ஆறு முட்ட மேல ஒக்காந்திருந்தா."

"அக்கா, சத்தியமாத் தெரியாது. வெறும் சுள்ளின்னு நெனச்சேன். மூணுலயும் சுள்ளிதான் இருக்கும்னு... அடச்சு வெச்சா வேற எங்கயாவது போயிடும்னு... அவன் கம்பி மேல ஒக்காந்து பாடிட்டிருந்தான் அக்கா. உள்ள ஒரு சத்தமும் இல்ல."

"அடகாக்கறவ எதுக்குடி சத்தம் போடுவா?"

"எனக்குத் தெரியாது."

"ரெண்டு நாளா அவன் கத்தினான். எனக்குத்தான் கண்ணு தெரியல. ஒனக்குக் காதுமா கேக்கல?"

ஆர்டிஸ் அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். கேட்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"கேட்டுது" என்றார். கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டார். "வீடு போச்சேன்னு கத்தறான்னு நெனச்சேன். கத்தட்டும்னு விட்டுட்டேன். எனக்கு அப்ப... எனக்கு அது நல்லா இருந்துச்சு அக்கா."

வெர்லா அக்கா கார்க்கை வாசல் பலகையில் வைத்தார். திரும்பி நடந்தார். பாதி வழியில் திசை தவறி வேறு பக்கம் போனார், நான்தான் தோளைத் திருப்பிவிட்டேன். குருவியை அவர் சொன்ன இடத்தில், படிக்குப் பக்கத்தில் புதைத்தேன். முட்டைகளையும் கூடவே வைத்தேன். ஆண் குருவி மூன்று நாள் இருந்தது. ஆப்பிள் மரத்தில் கொஞ்சம் பாடியது. பிறகு இல்லை.

அந்தக் கோடை முழுக்க இரண்டு வீட்டுக்கும் நடுவில் யாரும் நடக்கவில்லை. தபாலை நான் போய்ப் படித்துக் காட்டினேன். எனக்கு நாலு மணிக்கு வர முடியாது, ஆறாகிவிடும். சாவுச் செய்திகளை நான் முதலில் படித்தபோது, "அத விடு டார்லா" என்றார். அந்த ஃபோனைப் பற்றி ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். ஆகஸ்டில் ஆர்டிஸ் அக்கா ஏணி போட்டு வெண்டலின் பெட்டிகளை எல்லாம் தானே கழற்றினார். ஒவ்வொரு கம்பமாகப் போய்க் கழற்றிக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. வெர்லா அக்கா அன்று படியில் உட்கார்ந்து, "என்ன பண்றா அவ?" என்றார். சொன்னேன். "வெண்டலோடதையா?" என்று கேட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெர்லா அக்காவின் கண் மேலும் மோசமாகியது. அக்டோபரில் அவருடைய மகன் கர்டிஸ் ஒமாஹாவிலிருந்து வந்து, தன்னோடு கூட்டிப்போனான். கார் கிளம்பும்போது ஆர்டிஸ் அக்கா வாசலுக்கு வந்தார், கோட்டை மாட்டிக்கொண்டு. இரண்டு படி இறங்கினார். அதற்கு மேல் கால் வரவில்லை போலிருக்கிறது.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒமாஹாவுக்கு ஃபோன் போட்டார். வெர்லா அக்கா எடுத்தார். பனி விழுந்ததா என்று இவர் கேட்டார், இன்னும் இல்லை என்றார் அவர். அதன்பிறகு ஞாயிறுதோறும் ஃபோன். காற்று, பனி, கர்டிஸின் மனைவி சமைப்பதில் உப்பு இல்லாதது, நியூ ஹேகனில் யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள். ஜூன் மாதத்தைத் தவிர எல்லாம் பேசினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ரிசீவரை எடுக்கும்போது இன்றைக்கு 'மன்னிச்சுக்கோ' சொல்லிவிடுவேன் என்று நினைத்துத்தான் எடுத்ததாக ஆர்டிஸ் அக்கா என்னிடம் சொன்னார். அந்தப் பக்கம் "என்னடி ஆர்டி" என்ற குரல் கேட்டதும், இருக்கிற பேச்சும் போய்விடுமோ என்று பயம் வந்துவிடுமாம்.

பிப்ரவரியில் வெர்லா அக்கா இறந்தார். நிமோனியா, ஐந்து நாள்தான். பனிப்புயலில் ஒமாஹா போகும் நெடுஞ்சாலையை மூடியிருந்தார்கள். ஆர்டிஸ் அக்கா துணிப்பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, பூட்ஸ் போட்டபடி, என் சமையலறையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். சாலை திறந்த அன்று காலை, அம்மா போய்விட்டாள் என்று கர்டிஸ் ஃபோன் செய்துவிட்டான்.

ஊருக்குத்தான் கொண்டுவந்தார்கள். லூத்தரன் சர்ச்சில் சர்வீஸ், அவர் பஸ்ஸில் போன பிள்ளைகள் நிறையப் பேர், வழுக்கை விழுந்தவர்கள்கூட, வந்திருந்தார்கள். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் கொடுத்தோம். எல்லோரும் போனபிறகு நானும் ஆர்டிஸ் அக்காவும் தட்டு கழுவினோம். நான் கழுவ, அவர் துடைத்தார்.

அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது. "அக்கா, அந்த வெள்ளிக்கிழமை வெர்லா அக்கா எனக்கு ஃபோன் பண்ணாங்க. வந்து பாருன்னாங்க. நான் போகல. போயிருந்தா அந்தக் குருவி ஒருவேளை உயிரோட இருந்திருக்கும்" என்றேன்.

"தெரியும்" என்றார் ஆர்டிஸ் அக்கா.

"எப்படித் தெரியும்?"

"அக்கா சொன்னா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி, ஃபோன்ல. 'டார்லா பாவம், அவ அன்னிக்கு வராததுக்கு மனசுல வெச்சு வெச்சு அழுவா, அவகிட்ட நீ எதுவும் கேட்டுடாத, எனக்கு அவமேல ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னா. அந்த ஒரு தடவதான் அந்தப் பேச்சு வந்துச்சு."

"வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நான் காத்துக்கிட்டே இருந்தேன்" என்றார் ஆர்டிஸ் அக்கா. "அடுத்து என்னைப் பத்தி சொல்லுவான்னு. கர்டிஸ் சாப்பிடக் கூப்பிட்டான். அடுத்த வாரம் பேசறேன்டின்னு வெச்சுட்டா."

அடுத்த தட்டுக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். ஈரம் போன பிறகும் அதையே வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.